இடதைப் போட்டால் நாலும் எரிந்த வண்டி

குரு என்றால் தாடி இருந்தே ஆகவேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அருப்புக்கோட்டை பைபாஸில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அன்னபாக்கியத்துக்கு வயசு முப்பது. மில் மூடியதும் அவளிடம் தொழில் படிக்க வந்த சோலையப்பனுக்கு நாற்பத்திரண்டு. அவள் அவனை அண்ணே என்பாள். அவன் அவளைத் தாயி என்பான்.

அன்று கடையில் ஒரு ஆள் குறைந்தது. ரோட்டுக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தான் ரூபன். வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்தான். நாலரை பஸ்ஸில் ஏறிவிட்டால் அவ்வளவுதான், இனி வரமாட்டான்.

ஏன் என்று சோலையப்பனுக்குத் தெரியும். காலையில் ரூபன் ஒரு போல்ட்டை முறித்துவிட்டான். "இவனை ஏன் சேத்தோம்னு இருக்குண்ணே" என்று எரிச்சலில் சொன்னாள் அன்னபாக்கியம். சோலையப்பனிடம் மட்டும்தான் சொன்னாள். டீ குடிக்கும்போது அவன் அதை ரூபனிடம் சொன்னான்.

"சொன்னதத்தான் சொன்னேன் தாயி. ஒரு எழுத்து கூட்டல. முன்னாடி இங்க வேலை பாத்த காஜாட்டயும் இப்படித்தான் சொல்லுவேன். அவன் சிரிச்சுக்கிட்டே ஸ்பேனரை எடுத்துருவான். இவன் என்னன்னா பையைத் தூக்கிட்டான். இது என் தப்பா?"

அவள் ஸ்டாண்டில் நின்ற பைக்கைக் கைகாட்டினாள். "அந்த வண்டி என்னாச்சு?" என்றாள்.

இண்டிகேட்டர் பல்பு நாலையும் காலையில் சோலையப்பன்தான் எல்இடியாக மாற்றியிருந்தான். முதலில் பேய் பிடித்த மாதிரி படபடவென்று அடித்தது. விளக்கை மினுக்க வைக்கும் பிளாஷரை மாற்றினான், நிதானத்துக்கு வந்தது. இப்போது வேறு வம்பு. இடது பக்கம் போட்டால் நாலும் எரிகிறது.

"சுவிட்சை மாத்தியாச்சு. வயரைப் பூராவும் பாத்தாச்சு. பல்புதான் மட்டம். பழைய பல்புல இந்தக் கோளாறே இல்ல."

"இல்லையா?"

"இல்ல."

"வலது பக்கம் பழசையே போடுங்க."

மணி நாலு பத்து. ரோட்டைப் பார்த்துக்கொண்டே போட்டான். இடதைத் தட்டினான். இடது மட்டும் எரிந்தது.

"பாத்தீங்களா. நான்தான் சொன்னேனே."

அன்னபாக்கியம் வண்டியின் மீட்டரைக் கழற்றினாள். உள்ளே சின்னதாக ஒரு பச்சை பல்பு. எந்தப் பக்கம் போட்டாலும் மீட்டரில் மினுக்குவது அதுதான். அதற்கு ஒரு வயர் இடதிலிருந்து, இன்னொரு வயர் வலதிலிருந்து. அவள் வலது வயரைப் பிரித்து நடுவே கரண்ட் அளக்கும் டெஸ்டரை வைத்தாள்.

"இப்ப இடதைப் போடுங்க."

போட்டான். வலதில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. டெஸ்டரில் மட்டும் ஒவ்வொரு மினுக்கலுக்கும் எண் குதித்தது.

"கரண்ட் எங்கண்ணே போகுது?"

"வலதுக்கு."

"எப்பருந்து?"

அவன் குனிந்து அந்த வயரைத் தொட்டுப் பார்த்தான். ரூபன் எழுந்து நின்று பஸ் வருகிற திசையைப் பார்த்தான்.

"எப்பருந்துண்ணே?"

"வண்டி வாங்குன நாள்லருந்து."

"பழைய பல்புக்குள்ள தடிச்ச கம்பி. இந்தக் கொஞ்சூண்டு அதுக்கு உறைக்காது. புதுசுக்கு உறைக்கும்."

அவள் டப்பாவைத் துழாவி கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு, அரிசி அளவில் இரண்டு எடுத்தாள். இடது வயரில் ஒன்று, வலது வயரில் ஒன்று. இரண்டையும் சேர்த்துப் பச்சை பல்பின் ஒரு காலில் பற்றவைத்தாள். மறு காலை வண்டியின் பாடியோடு முடுக்கினாள். வலது பக்கம் எல்இடியைத் திரும்பப் போடச் சொன்னாள்.

இடதைப் போட்டான். இடது. வலதைப் போட்டான். வலது. இரண்டுக்கும் பச்சை மினுக்கியது.

"என்ன செஞ்சீங்க தாயி?"

"ரெண்டு பக்கத்துலருந்தும் வாங்கிக்கும். அந்தப் பக்கம் தள்ளிவிடாது. பாடிக்குப் போயி அடங்கிரும்."

வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. சோலையப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். அங்கே நின்று திரும்பினான்.

"நீங்க வரச் சொன்னீங்கன்னு அவன்ட்ட சொல்லிரட்டா?"

அன்னபாக்கியம் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவனைத் தாண்டி ரோட்டில் இறங்கினாள்.

"மறுபடியும் இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கத்துக்கு வயர் இழுக்காதீங்கண்ணே. நீங்க மீட்டரை மூடுங்க. நானே போறேன்."