வீட்டுக்காரர் பேசிய விலை

சிரிப்பு உண்டு, கொஞ்சம் பொறுங்கள். அப்பா போய் மூன்று மாசம்தான் ஆகிறது.

அவர் விட்டுப்போன பணத்துக்குள் கார் கிடைத்தால்தான் அம்மா டாக்ஸி ஓட்ட முடியும். ஷோரூம் மேனேஜரோ, "விலையெல்லாம் வீட்டுக்காரர்கிட்டதான் பேசுவேம்மா" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். எந்தக் குரலும் எனக்கு வரும். வெளியே போனேன். அம்மா, அப்பா நம்பரை அழுத்தி மேனேஜரிடம் போனைக் கொடுத்தாள். அப்பாவின் போன் என் பையில் அடித்தது. அப்பா மாதிரியே செருமிவிட்டு, "தம்பி, நாற்பதாயிரம் குறைச்சுப் போடுங்க" என்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரிங்க சார்." மேனேஜர் விலை எழுதிக் கையெழுத்தும் போட்டார். நான் உள்ளே வந்தேன். படிவத்தில் கணவர் பெயர் என்ற இடத்தில் அம்மா எழுதினாள்: லேட் அருணகிரி.

"சார் லேட்டா வருவாராம்மா?"

"இனி வரமாட்டார்."

என்னையறியாமல் அப்பா மாதிரியே செருமினேன்.

மேனேஜர் மெல்ல என் பக்கம் திரும்பினார்.