ஏய் என்றால் பத்தொன்பது பேர்

முன்பொரு காலத்தில் செங்கோடை நாட்டைச் சூரகேது என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்றா சொன்னேன்? காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி என்று சிம்மாசனத்தில் உட்கார்ந்து முகத்துதி கேட்டுக்கொண்டிருந்தான். அதைப் பாடுவதில் முதல் ஆள் ஊர்க்காவல் தலைவன் கோளரிநாதன்.

"மன்னா, சுண்ணாம்புக்காரத் தெருவிலிருந்து ஆறு மாதமாக ஒரு களவுப் புகார்கூட இல்லை!" என்று ஒருநாள் சபையில் மீசையை முறுக்கினான்.

புகார் எப்படி வரும்? களவு போயிற்று என்று சொல்ல வருகிறவனையே, "நீதான் ஒளித்து வைத்துக்கொண்டு நாடகமாடுகிறாய்" என்று உள்ளே தள்ளினால் அடுத்தவன் வாய் திறப்பானா? நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. ராஜாவுக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை. கோளரிநாதனுக்குப் பரிசாகப் போடத் தன் முத்துமாலையைக் கழற்றினான்.

அந்த நேரம் பார்த்துக் காத்தாயி என்ற பெண் சபைக்குள் நுழைந்தாள். சுண்ணாம்புக்காரத் தெருக்காரி. கையெல்லாம் சுண்ணாம்பு பட்டு வெந்த தழும்பு.

"மகாராஜா, எங்க கழுதை ரெண்டும் களவு போச்சு. அதைச் சொல்லப் போன என் வீட்டுக்காரரைப் பிடிச்சு அடைச்சு நாற்பது நாளாச்சு. சுண்ணாம்பு சுடுற காளவாய் அணைஞ்சு கிடக்கு. அவரை விடச் சொல்லுங்க."

"பொய், மன்னா! அந்தத் தெரு ஜனங்களே இப்படித்தான்!" என்று பாய்ந்தான் கோளரிநாதன்.

ராஜா அன்று நல்ல மனசோடு இருந்தான். "பெண்ணே, உன் புருஷன் பெயரைச் சொல். இப்போதே விடச் சொல்கிறேன்."

காத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். "கட்டினவர் பேரைப் பொம்பளை வாயால சொல்லலாமா மகாராஜா? பிடிச்சவரு இதோ நிக்கிறாரே. பன்னிரண்டு வருஷமா எங்க தெருவுக்கு இவருதான் காவல். இவருக்குத் தெரியாமலா இருக்கும்?"

சபை முழுக்க அவனைத் திரும்பிப் பார்த்தது. அவனுக்கு விழி பிதுங்கியது.

"தெரியும், தெரியும்... மாடன்!"

"இல்லைங்க."

"முனியன்?"

"அது எதிர்வீட்டுக்காரர் பேருங்க. அவரையும் நீங்கதான் அடைச்சிருக்கீங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "பெயர் எதற்கு மன்னா? நான் கூப்பிட்டால் வந்து நிற்பான்!" என்று கத்தினான் கோளரிநாதன்.

"அப்படியா? கூப்பிடு, பார்க்கலாம்" என்றான் ராஜா. வேடிக்கை என்றால் அவனுக்கு உயிர். சபையே அவன் பின்னால் சிறைச்சாலைக்குக் கிளம்பியது.

கோளரிநாதன் கதவைத் தடியால் தட்டி வழக்கம்போலக் கூப்பிட்டான்.

"ஏய்!"

பத்தொன்பது பேர் எழுந்து நின்றார்கள். அவன் அவர்களை வேறு எப்படியும் கூப்பிட்டதே இல்லை.

"நீ என்ன குற்றம் செய்தாய்?" என்று முதல் ஆளைக் கேட்டான் ராஜா.

"அண்டா காணோம்னு சொல்ல வந்தேனுங்க."

"நீ?"

"ஆட்டுக்குட்டி காணோம்னு."

இப்படியே போயிற்று. பத்தொன்பது பேரும் பறிகொடுத்தவர்கள். மருந்துக்குக்கூட ஒரு திருடன் இல்லை.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். "பலே, பெண்ணே! புருஷன் பெயரைச் சொல்லாமலே இவனை மடக்கிவிட்டாயே! இந்தா, முத்துமாலை உனக்கு!"

"சிரிக்காதீங்க மகாராஜா" என்றாள் காத்தாயி. "நான் விகடம் பண்ண வரலை. பேரே தெரியாத ஆளை நாற்பது நாள் பூட்டி வச்சிருக்கு உங்க ராஜ்ஜியம். புகார் இல்லைன்னதும் சந்தோஷப்பட்டீங்களே, ஏன் இல்லைன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

ராஜாவின் முகம் சுண்டிப்போயிற்று. "திருடன் யார் என்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரு முழுக்கத் தெரியும். யாருகிட்ட சொல்றது? இவருகிட்டயா?"

ராஜாவுக்குக் கோபம் பொங்கியது. "கோளரிநாதா, தடியைக் கீழே போடு. இனி நீ காவல் தலைவன் இல்லை. உள்ளே போய் ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேள். மரியாதையாகக் கேள்!"

"ஐயா... தங்கள் பெயர் என்ன?" என்று பத்தொன்பது முறை கேட்டான் அவன். கேட்கக் கேட்க ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஏழாவது ஆள் "சடையன்" என்றதும் காத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சுண்ணாம்புக்காரத் தெருவுக்குக் காவல்காரனை அந்தத் தெருவே பொறுக்கிக்கொள்ளட்டும் என்று ராஜா பறையறைவித்தான். அவர்கள் முனியனைப் பொறுக்கினார்கள். அவனிடம் எல்லோரும் வாய் திறந்தார்கள். நாலே நாளில் திருடன் பிடிபட்டான், கழுதைகளும் வீடு வந்தன.

உடனே சபையில் எல்லோரும், "ஆகா, என்ன நீதி! என்ன நீதி!" என்று ராஜாவைப் புகழ்ந்தார்களாம். எனக்குக் காறித் துப்பலாம்போல வருகிறது. கழுதை கிடைத்தது, சரி. சடையனிடமிருந்து பறித்த நாற்பது நாளை எந்தக் காவல்காரன் கண்டுபிடித்துக் கொடுப்பான்?