தோல் சீவிய சொல்

குறுக்காற்றின் இந்தக் கரையில் மூன்று முள்ளம்பன்றிகள் வைத்தியம் பார்த்துவந்தன. அந்தக் கரையில் ஒரு பாறை பேசியது.

பாறை தானாகப் பேசவில்லை. அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு இருந்தது. அதற்குள் யார் எதைச் சொன்னாலும் அது அங்கேயே தங்கிவிடும். உச்சிவேளையில் காற்று நின்று, நிழல்கள் காலடியில் ஒடுங்கும்போது, தங்கிய குரல்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். பாறையின் நிழல் கிழக்கே கொஞ்சம் நீண்டதும் நின்றுவிடும். மறுநாளும் அதே குரல்கள்தான். வரிசை மட்டும் மாறியிருக்கும்.

காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. நோய் கண்டு எதையாவது தின்றவர்கள், தின்றது இன்னது, ஆனது இன்னது என்று அந்த வெடிப்பில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பின்னால் வருகிறவர்களுக்கு உதவும் என்று யாரோ எப்போதோ ஆரம்பித்தது. நாளாக ஆக, கேட்க வருகிறவர்கள் குறைந்து சொல்ல வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். குரங்குகள் வேடிக்கைக்குப் பொய் சொல்லிவைத்தன. ஒரு காட்டெருமை தன் இருமலைப் பற்றிப் பதினாறு முறை சொல்லிவைத்திருந்தது, ஒவ்வொரு முறையும் இருமிக்கொண்டே.

அந்தக் குவியலில் நல்ல மருந்துகளும் கிடந்தன. வைத்தியர்களுக்கு அவை தேவைப்பட்டன. ஆனால் அவர்கள் வளை வாசலில் எந்நேரமும் நோயாளிகள். ஆற்றைக் கடந்து போய், உச்சிவெயிலில் நின்று குரங்கின் பொய்யையும் எருமையின் இருமலையும் கேட்க அவர்களுக்கு ஏது நேரம்?

பொன்னலகி என்ற மலை மைனா அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். ஒருமுறை கேட்ட குரலை அவள் அச்சுப் பிசகாமல் திருப்பிச் சொல்வாள். நண்பகலில் பாறைக்குப் போவாள். நல்லதைப் பொறுக்குவாள். மறுநாள் காலையில் வளை வாசலில் உள்ள நாவல் கிளையில் உட்கார்ந்து, மூன்று வைத்தியர்களுக்கும் ஒப்பிப்பாள்.

முதலில் அவள் எல்லாவற்றையும் கொண்டுவந்தாள். சொன்னவரின் பெயர், ஊர், மூச்சிரைப்பு, நடுவில் வந்த முனகல், பிறகு ஒரு வாரம் கழித்து வந்து சொன்னது, எல்லாம் சொன்னவரின் குரலிலேயே. வைத்தியர்கள் கொட்டாவி விட்டார்கள். ஒருநாள் அவர்களில் பருத்தவர் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"மைனாம்மா, தோலையெல்லாம் சீவிவிட்டுக் கிழங்கை மட்டும் கொடேன்."

மூவரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அன்றிலிருந்து அவள் சீவக் கற்றுக்கொண்டாள். இருமலுக்கு இன்ன பட்டை. புண்ணுக்கு இன்ன இலை. அவ்வளவுதான். அதுவும் அவளுடைய சொந்தக் குரலில், தெளிவாக, இனிமையாக. பாறையிலும் அவள் வேகம் கூடியது. மருந்தின் பெயர் வந்து, குணமும் வந்து, குரல் நின்றதும் அவள் அடுத்ததற்குத் தாவிவிடுவாள். அவள் கொண்டுவந்தவற்றில் பெரும்பாலானவை பலித்தன. 'பொன்னலகி சொன்னது' என்றால் மறுபேச்சில்லை என்றாயிற்று.

மூன்று வைத்தியர்களில் மூத்தவர் கிழங்கர். அவர் ரொம்பக் கறாரானவர். ஒருமுறை ஒரு காட்டுப்பன்றி, வயிற்றுப்போக்கு நின்ற நன்றிக்கு ஒரு பெரிய கிழங்கைக் கொண்டுவந்து வைத்தது. வெள்ளை வெளேரென்று தோல் சீவியிருந்தது.

"தோல் எங்கே?" என்றார் கிழங்கர்.

தங்களுக்குச் சிரமம் வேண்டாமென்று தானே கடித்து நீக்கிவிட்டதாகப் பன்றி பணிவோடு சொன்னது.

"தோல் இல்லாமல் இது எது என்று எனக்கு எப்படித் தெரியும்? எடுத்துக்கொண்டு போ."

பன்றிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் எதிரிலேயே உட்கார்ந்து அந்தக் கிழங்கை முழுவதும் தின்றுவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு போனது. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நாவல் கிளையில் இருந்த பொன்னலகி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த மழைக்காலத்தின் முடிவில் கிழங்கரின் மனைவி முள்ளாச்சிக்கு வயிற்று வலி வந்தது. வந்த வலி போகவில்லை. பதினோரு நாட்களில் அவர் தனக்குத் தெரிந்த எல்லா வேரையும் கொடுத்துப் பார்த்துவிட்டார். முள்ளாச்சி வாய் ஓயாதவள். சுருண்டு கிடந்தபடியே அவரைச் சீண்டினாள்.

"ஊரார் வயிறெல்லாம் புரிகிறது. வீட்டு வயிறு மட்டும் உங்களுக்குப் புரியவில்லை, பாருங்கள்."

அவர் சிரிக்கவில்லை. பொன்னலகியை அழைத்து, வயிற்று வலிக்கு எது கிடைத்தாலும் கொண்டுவரச் சொன்னார். அவர் குரலில் அதுவரை அவள் கேட்டிராத ஒன்று இருந்தது.

பொன்னலகி அன்று உச்சிவேளையில் பாறைக்கு எதிரே இருந்த மூங்கிலில் காத்திருந்தாள். காற்று நின்றது. குரல்கள் வந்தன. இருமல், பொய், இருமல். பிறகு ஒரு மிளா மானின் குரல். இதுவரை அவள் பொருட்படுத்தாத குரல்.

"நான் ஆற்றுமேட்டு மிளா. பத்து நாளாக வயிற்று வலி. பாறையடியில் செங்கொடி இருக்கிறதே, அதன் கிழங்கைத் தின்றேன். வலி போய்விட்டது. உடம்பு லேசாகிவிட்டது. காற்றில் நிற்கிற மாதிரி இருக்கிறது."

குரல் நின்றது. பொன்னலகி சிறகை விரித்தாள்.

மூங்கிலின் நிழலில் உருட்டுக்கண்ணன் என்ற தேவாங்கு தூங்கிக்கொண்டிருந்தது. பகலில் அதன் கண்தான் தூங்கும். காது தூங்காது.

"அதற்குள் கிளம்பிவிட்டாயா?" என்றது அது, கண்ணைத் திறக்காமல்.

"எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது."

"உனக்கு வேண்டியது எப்போதும் சின்னதாகத்தான் இருக்கிறது."

அவள் பதில் சொல்ல நிற்கவில்லை. காலைவரை பொறுக்கவும் இல்லை. அன்று மாலையே வளை வாசலுக்கு வந்து, தன் இனிய குரலில் சொன்னாள்: "வயிற்று வலிக்குச் செங்கொடிக் கிழங்கு. தின்றதும் வலி போகும்."

கிழங்கருக்குச் செங்கொடி தெரியும். அதை யாரும் தின்று அவர் பார்த்ததில்லை. அதன் இலையைப் பூச்சிகூடக் கடித்ததில்லை. ஆனால் சொன்னது பொன்னலகி. விடிந்ததும் அவர் இந்தக் கரையில் ஒரு கொடியைத் தேடிப்பிடித்துக் கிழங்கைத் தோண்டினார். புரட்டிப் பார்த்தார். முகர்ந்தார். மண்வாசனைகூட இல்லை.

"எவ்வளவு தின்றதாம்?" என்று கேட்டார்.

அது சொல்லவில்லை என்றாள் பொன்னலகி.

"தின்றது யார்?"

"ஒரு மிளா."

"அந்த மிளா இப்போது எங்கே இருக்கிறது?"

  இத்தனை காலத்தில் பொன்னலகியிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. உச்சிவேளையில் போய் மறுபடி கேட்டுவருவதாகச் சொன்னாள். அதுவரை காத்திருப்பதாகக் கிழங்கர் வாக்குக் கொடுத்தார்.

அன்று மிளாவின் குரல் சீக்கிரம் வரவில்லை. எருமை இருமியது. ஒரு முயல் தன் காது வலியை ஆதியிலிருந்து சொன்னது. குரங்குகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பொய் சொல்லின. பாறையின் நிழல் அசையத் தொடங்கும் நேரத்தில் அது வந்தது.

நான் ஆற்றுமேட்டு மிளா என்றது. வலி, செங்கொடி, கிழங்கு. எவ்வளவு என்று சொல்லவேயில்லை. வலி போய்விட்டது. உடம்பு லேசாகிவிட்டது. காற்றில் நிற்கிற மாதிரி இருக்கிறது.

குரல் நின்றது. பொன்னலகி இந்த முறை அசையவில்லை. மௌனம் நீண்டது. அதனுள் ஒரு மூச்சு கேட்டது. பிறகு அதே குரல், ஆனால் தொலைவிலிருந்து.

"ஏன் அதற்குள் இருட்டிவிட்டது?"

மூச்சு.

"யாராவது இருக்கிறீர்களா? என் கால்களை யார் எடுத்துக்கொண்டு போனது?"

கனமான ஏதோ ஒன்று சரிந்து விழும் சத்தம். செடிகள் ஒடியும் சத்தம். அதன் பிறகு ஒன்றுமில்லை. அடுத்ததாக வெடிப்பிலிருந்து ஒரு குரங்கு சிரித்தது.

உருட்டுக்கண்ணன் கண்களைத் திறந்திருந்தது. வெயிலில் அவை இரண்டு ஈரக் கூழாங்கற்கள்போல இருந்தன. பாறையடியில் பார்க்கச் சொன்னது.

பொன்னலகி குனிந்து பார்த்தாள். உண்ணிச்செடிப் புதருக்குள் விலா எலும்புகள் வெளுத்துக் கிடந்தன. அவற்றுக்கு ஊடாகச் செங்கொடி ஏறிப் படர்ந்திருந்தது.

"இரண்டு மழை ஆகிறது," என்றது தேவாங்கு. "தின்றதும் நேராக இங்கேதான் வந்தாள். வழக்கம் தவறாதவள். இன்னமும் தினம் சொல்கிறாள்."

"இதை நேற்றே எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"நீதான் வேண்டியது கிடைத்துவிட்டது என்றாயே."

அவள் ஆற்றின் மேல் நேர்கோடாகப் பறந்தாள். இறங்கும்போது வளை வாசல் முழுக்க வெயில். முள்ளாச்சி வெளியே வந்து உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு நாட்களில் முதல் முறையாக. பக்கத்தில் கிழங்கர். அவர் முகம் மலர்ந்திருந்தது.

நடந்ததை அவர் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார். நண்பகலில் வலி இரண்டு மடங்காகிவிட்டது. அவர் காத்திருக்கலாம் என்றுதான் சொன்னார். பொன்னலகி சொன்னது என்றைக்காவது தப்பாகியிருக்கிறதா என்று முள்ளாச்சி கேட்டாள். அவர் கிழங்கை எடுத்து நகத்தளவு கொடுத்தார். அது போதவில்லை என்று அவளே மீதியையும் வாங்கித் தின்றுவிட்டாள்.

"நீ சொன்னது சரிதான், மைனாம்மா. பார், எழுந்து உட்கார்ந்துவிட்டாள்."

முள்ளாச்சி கிளையை நோக்கித் தலையை உயர்த்தினாள். "வலி போய்விட்டது," என்றாள். "உடம்பு லேசாகிவிட்டது. காற்றில் நிற்கிற மாதிரி இருக்கிறது."

பொன்னலகி எச்சரிக்க வாயெடுத்தாள். வந்தது அவள் குரல் அல்ல. தொலைவிலிருந்து பேசும் மிளாவின் குரல்.

"ஏன் அதற்குள் இருட்டிவிட்டது?"

கிழங்கர் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய ஒவ்வொரு முள்ளின் நுனியிலும் வெயில் மின்னியது. "என்ன உளறுகிறாய்?" என்றார்.

முள்ளாச்சி அவர் பக்கம் திரும்பினாள். கண்கள் அகலத் திறந்திருந்தன. அவரைத் தாண்டி எதையோ தேடின.

"அதானே," என்றாள். "ஏன் அதற்குள் இருட்டிவிட்டது?"

பொழுது சாயும் முன் அவள் இறந்துபோனாள்.

கிழங்கர் வாசலில் கிடந்த செங்கொடிக் கிழங்கின் தோலைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னலகி கிளையைவிட்டு இறங்கி, மண்ணில், அவர் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றாள். அவர் அவளை ஒன்றும் செய்யவில்லை.

"கிழங்கைத் தோலோடுதான் தோண்டினேன்," என்றார். "சொல்லைச் சீவி வாங்கிவிட்டேன். நாங்கள் கேட்டோம். நீ சீவினாய்."

மறுநாள் அவர் ஆற்றைக் கடந்தார். வெடிப்பின் முன் நின்று தன் பெயரைச் சொன்னார். கொடுத்தது இன்னது, எவ்வளவு, கொடுக்கச் சொன்னது யார், ஆனது என்ன என்று ஒன்றுவிடாமல் சொன்னார். பிறகு பொன்னலகியைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் முள்ளாச்சியின் குரலில், வலி போய்விட்டது என்பதிலிருந்து கடைசி மூச்சுவரை, நடுவில் இருந்த மௌனத்தையும் சேர்த்து, வெடிப்புக்குள் சொன்னாள்.

இப்போதும் அவள் காலையில் நாவல் கிளைக்கு வருகிறாள். குறைவாகத்தான் கொண்டுவருகிறாள். எதையும் சொன்னவரின் குரலிலேயே, பெயரோடும் இருமலோடும் சொல்கிறாள். வைத்தியர்கள் கொட்டாவி விடுவதில்லை. எந்த மருந்துக்கும் முன்னால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சொன்னவர் இருக்கிறாரா?"

கிழங்கர் சில நாட்களில் உச்சிவேளையில் பாறைக்குப் போகிறார். காற்று நிற்கும். முள்ளாச்சியின் குரல் வரும். வலி போய்விட்டது என்று சொல்லும். அதன்பின் வரும் மௌனத்தில் அவர் எழுந்திருப்பதில்லை.

பலர் சொன்னதிலிருந்து பொறுக்கிக் கற்றுக்கொள்ளும் ஒருவன், சொன்னது யார், சொன்னவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்தே பொறுக்க வேண்டும்.