ஒத்திக்கு வீடு பார்க்கப் போன சாமி

செல்லூரில் பிச்சைமணி என்று ஒருவர். வயது அறுபத்தாறு. கவர்மென்ட் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வைகைக் கரையில் சின்னதாய் ஒரு மடம் வைத்திருந்த நாகலிங்க சாமி அவரைவிட இருபது வயது இளையவர். இருந்தாலும் பிச்சைமணிக்கு அவர்தான் குரு.

ஒரு நாள் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தவர் கேட்டார்.

"சாமி, ஒருத்தன் செஞ்சதை எப்படி மறக்கிறது?"

"யாரு செஞ்சது அண்ணே?"

"என் வீட்டுல கீழ குடியிருக்கானே, டெய்லர் ஜெபராஜ். அவன்தான்."

ஜெபராஜ் மூன்று வருடத்துக்கு முன்பு ஒத்திக்கு வந்தவர். மாத வாடகை கிடையாது. மொத்தமாக ஏழு லட்சம் கொடுத்துக் குடியேறினார். காலி செய்யும்போது அதே ஏழு லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும். பிச்சைமணி அந்தப் பணத்தோடு பேங்க் கடனும் வாங்கி மாடி கட்டிவிட்டார். மாடி வாடகை பேங்க் தவணைக்கே போய்விடுகிறது. இனி ஜெபராஜுக்குக் கொடுக்க ஒரே வழி, அடுத்து ஒத்திக்கு வருகிறவர் தரும் பணம்தான்.

ஜெபராஜ் சொந்தமாக ஒரு இடம் பேசி முடித்துவிட்டார். ஆவணிக்குள் பணம் வேண்டும் என்கிறார். வராவிட்டால் வக்கீல். அப்புறம் வீட்டை விற்றுத்தான் கொடுக்க வேண்டும்.

"ஆறு பார்ட்டி வந்து பாத்தாச்சு சாமி. உள்ள போறப்ப சிரிச்சுக்கிட்டுப் போறாங்க. மறுநாள் போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிறாங்க. அவன் பொண்டாட்டி என்னைப் பத்தி ஏதோ ஓதி விடுறா."

"நீங்க கேட்டீங்களா?"

"நானா? ரெண்டு வருஷமா அந்த வாசப்படிய மிதிக்கல. என்னைக் கேக்காம செவுத்துல ஆணி அடிச்சான் சாமி! பதினோரு ஆணி. எண்ணி வச்சிருக்கேன்."

"வாசப்படியே மிதிக்கலன்னீங்க?"

"ஜன்னல் வழியா எண்ணினேன்."

சாமி சிரிக்கவில்லை. "அடுத்த பார்ட்டி எப்ப வருது?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தேனியிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். சாமியும் அவர்களோடு உள்ளே போனார். பிச்சைமணி வழக்கம்போல் கேட்டிலேயே நின்றுகொண்டார்.

இருபது நிமிடம் ஆயிற்று. வெளியே வரும்போதே அந்த ஆள் கைப்பையின் ஜிப்பைத் திறந்துகொண்டு வந்தார்.

"வீடு பிடிச்சிருக்குங்க. இப்ப டோக்கன் அட்வான்ஸ்..."

"பிடிக்காம என்ன? நான் பாத்துப் பாத்துக் கட்டினது. உள்ள இருக்கானே, அவன்தான் நாசம் பண்ணி வச்சிருக்கான். செவுரு பூரா ஆணி. பைக்க நடுவாசல்ல நிப்பாட்டுவான். ராத்திரி பதினோரு மணிக்கு மிஷின் மிதிப்பான். இடம் கொடுத்ததுக்கு நல்ல மரியாதை! அவனைச் சும்மா விடவே மாட்டேன்."

அந்த அம்மாள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஜிப்பை மூடினார்.

"யோசிச்சுட்டு போன் பண்றோம்யா."

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை பிச்சைமணி பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சாமியிடம் திரும்பினார்.

"பாத்தீங்களா? ஓதி விட்டுட்டாளா? என்ன சொன்னா?"

"தண்ணிக் கஷ்டம் கிடையாதுன்னு சொல்லுச்சு. மழைக்கு ஒழுகாதாம்."

"என்னைப் பத்தி?"

"கோவக்காரர்னு சொல்லுச்சு."

"அப்படிப் போடுங்க!"

"ஆனா நாணயமானவர், உங்க பணம் எங்கேயும் போயிடாது, நம்பிக் கொடுங்கன்னு சொல்லுச்சு."

பிச்சைமணி கேட்டை இழுத்துச் சாத்தினார். பிறகு விட்டுக்கொடுக்காமல் சொன்னார்.

"அவளுக்கு ஏழு லட்சம் வரணும்ல? அதுக்காகச் சொல்லியிருப்பா."

"இருக்கும். உங்களுக்கும் அதே ஏழு லட்சம்தான வரணும் அண்ணே? நீங்க என்ன சொன்னீங்க?"