முள்ளங்கி பூஞ்சையனை விரட்டிய கதை

அந்தக் காலத்தில், செடிகொடிகளும் ஆடுமாடுகளும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில், முள்ளங்கிக்கு இடுப்பு இருந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள். இன்றைக்குச் சந்தையில் தொப்பையும் தொந்தியுமாக அடுக்கி வைத்திருக்கிறார்களே, அவளேதான். அப்போது அவள் வேர் கொத்தமல்லி வேர் அளவுக்குத்தான் இருக்கும். இலைகள் மட்டும் அகல அகலமாக, காற்றடித்தால் முந்தானை மாதிரி ஆடும். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அவள் குடியிருந்தது ஒரு செம்மண் கொல்லையில். பக்கத்துப் பாத்தியில் கத்தரி. இரண்டு பேருக்கும் மண்ணுக்குள்ளே எடுபிடி வேலை பார்த்தவன் பூஞ்சையன். பூசண இனத்தைச் சேர்ந்தவன். கை, கால், தலை என்று தனித்தனியாக எதுவும் கிடையாது. உடம்பு முழுக்க வெள்ளை நூல். ஒரு நுனியை வேருக்குள் செருகிக்கொண்டு மறு நுனியை எங்கெங்கோ நீட்டுவான். வேர் போய்ச் சேராத சந்துபொந்துகளில் எல்லாம் நுழைந்து, மணிச்சத்தையும் தண்ணீரையும் எடுத்துவந்து கொடுப்பான். மண்ணோடு இறுகிப்போன சத்தைக் கரைத்துக் கொடுக்க, கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிர்ப் பட்டாளம் ஒன்று அவன் பின்னாலேயே திரியும். இத்தனைக்கும் அவன் கேட்டது ஒன்றே ஒன்று. இலைகள் வெயிலில் காய்ச்சுகிற இனிப்புப் பாகில் ஒரு பங்கு.

பூஞ்சையனுக்கு இனிப்பு என்றால் உயிர். வாயும் கொஞ்சம் நீளம்.

“தாயி, நேத்துப் பாகு தண்ணியா இருந்துச்சே. மேலே மேகமூட்டமோ?” என்பான்.

“குடுக்கிறதைக் குடிச்சிட்டுப் போய்யா” என்பாள் முள்ளங்கி.

“குடிக்கிறேன் தாயி, குறையா சொல்றேன்? கத்தரியம்மா வீட்டுப் பாகு கம்பிப் பதத்துல இருந்துச்சு. அதான் கேட்டேன்.”

முள்ளங்கிக்குப் பற்றிக்கொண்டு வரும். அடுத்த வீட்டுச் சமையலைப் புகழ்ந்துகொண்டே நம் வீட்டில் கை நனைக்கிறவனை யாருக்குத்தான் பிடிக்கும்? ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துப் போனாள். காரணம் இருந்தது. கோடை வந்து மண் வெடிப்பதற்குள் பூத்துக் காய்த்து, நாலு விதையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. மணிச்சத்து இல்லாமல் பூ ஏது, விதை ஏது? பூஞ்சையன் இல்லாமல் மணிச்சத்து ஏது?

அந்த வருஷம் கொல்லைக்கு மேலே இருந்த தரிசில் கிடை போட்டார்கள். கிடை என்றால், செம்மறி மந்தையை இரவெல்லாம் ஒரே நிலத்தில் அடைத்து வைப்பது. ஆடுகள் பாட்டுக்குப் படுத்துக் கிடக்கும். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்குச் சேரும். அன்றைக்கென்று பார்த்து ஒரு பெருமழை கொட்டியது. தரிசில் கிடந்த எருவெல்லாம் கரைந்து, சரிவில் இறங்கி, முள்ளங்கிப் பாத்தியிலும் கத்தரிப் பாத்தியிலும் வந்து தேங்கியது.

முள்ளங்கி ஓர் உறிஞ்சு உறிஞ்சினாள். உச்சி குளிர்ந்தது. இன்னோர் உறிஞ்சு. இலை நுனி வரை தழைச்சத்து ஏறியது. பூஞ்சையன் மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்ததை எல்லாம் நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வேலிக்கு மேலாக ஒரு செம்மறிக் கிடாய் தலையை நீட்டியது. சுருட்டைக் கொம்பு, பெரிய மனுஷத் தோரணை.

“எப்படித் தங்கச்சி நம்ம சரக்கு?”

“பிரமாதம் அண்ணே!”

“எங்க போனாலும் இதே பேச்சுதான்” என்றது கிடாய், அடக்கமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு. “ஆமா, அந்த நூல்காரனுக்கு இன்னும் பாகு காய்ச்சி ஊத்துறியாமே? சாப்பாடு வாய்க்குள்ளயே வந்து விழுது. நடுவுல எதுக்கு ஒரு ஆளு?”

அப்படிச் சொல்லிவிட்டு அது மேயப் போய்விட்டது. பற்றவைத்தவர்கள் நின்று அணைத்ததாக எங்கே கேள்விப்பட்டிருக்கிறோம்?

முள்ளங்கி பூஞ்சையனைக் கூப்பிட்டாள். “நாளையிலேருந்து நீ வர வேண்டாம்.”

பூஞ்சையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏன் தாயி? எரு வந்தது எனக்கும் சந்தோஷம்தான். எருவும் இருக்கட்டும், நானும் இருக்கேன். உன் வேரடியில கிடக்கிறதை நீ தின்னு. ஒரு முழம் தள்ளிக் கிடக்கிறதை யாரு எடுத்தாருவா? மணிச்சத்து விழுந்த இடத்தை விட்டு அசையாது. சரியான சோம்பேறி அது.”

“சோம்பேறியைப் பத்தி நீ பேசுறியாக்கும்!”

கத்தரியும் தன் பாத்தியிலிருந்து சொல்லிப் பார்த்தாள். அவள் காரியக்காரி. “அக்கா, எனக்கும்தான் எரு வந்திருக்கு. பாகை ஒரு கரண்டி குறைச்சுக்கிட்டேன், அவ்வளவுதான். ஆளை நிறுத்தலை. எரு இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்குமான்னு யார் கண்டா?”

“உன் பாகுதான் கம்பிப் பதமாச்சே, நீயே வச்சுக்கோ அவனை” என்றாள் முள்ளங்கி. மனத்தில் இருந்தது வெளியே வந்துவிட்டது.

ஆனால் பூஞ்சையன் லேசில் போகிற ஆளா? வேருக்குள் செருகிய நூலை எடுக்கவே இல்லை. “கோபம் ஆறினதும் கூப்பிடுவா” என்று நுண்ணுயிர்ப் பட்டாளத்திடம் சொல்லிவிட்டு அங்கேயே குந்திக்கொண்டான்.

அப்போதுதான் முள்ளங்கி அந்தக் காரியத்தைச் செய்தாள். ஆட்டு எருவில் இருந்த கந்தகத்தை எல்லாம் உறிஞ்சினாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த எரிச்சலை எல்லாம் அதோடு சேர்த்தாள். உச்சி வெயிலில் இலையில் போட்டுச் சுண்டக் காய்ச்சினாள். காய்ச்சியதைப் பாகு இறங்குகிற வழியிலேயே கீழே அனுப்பினாள்.

பூஞ்சையன் மோப்பம் பிடித்தான். “பார்த்தீங்களாடா, நான் சொல்லலை? இன்னிக்குப் பதமே வேற. வாசனை தூக்குது!” என்று ஒரே மடக்காகக் குடித்தான்.

“ஐயோ தாயி! எரியுதே! என்னத்தைக் காய்ச்சினே?”

பதிலுக்கு இன்னொரு மடக்கு இறங்கியது. அவன் நூல் நூலாகச் சுருண்டான். வேருக்குள் இருந்த நுனிகளை வெடுக் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு ஓடினான். பட்டாளம் தும்மிக்கொண்டே பின்னால் ஓடியது. கத்தரியின் வேரடிக்குப் போய் விழுந்தவன், அன்று முழுக்கப் பேசவில்லை. பூஞ்சையன் பேசாமல் இருந்ததை அந்தக் கொல்லை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

முள்ளங்கிக்குக் கொண்டாட்டம். ஆக்குகிற பாகெல்லாம் அவளுக்கே. இலை வாழையிலைக்குப் போட்டியாக விரிந்தது. ஆனால் கிடை என்ன நிரந்தரமா? ஆட்டுக்காரர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார்கள். கிடாய் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. வேரடியில் இருந்த எரு குறைந்தது, பிறகு தீர்ந்தது. வெயில் ஏறியது.

ஒரு முழம் தள்ளி மணிச்சத்து கிடந்தது. முள்ளங்கிக்கு நன்றாகத் தெரிந்தது. வேரை நீட்டினாள், எட்டவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நீட்டினாள், இன்னும் எட்டவில்லை. மணிச்சத்து, பூஞ்சையன் சொன்னது போலவே, இந்தப் பக்கம் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. அவள் இலை ஓரமெல்லாம் ஊதா நிறம் ஓடியது. கத்தரி பூத்திருப்பதைப் பார்த்த பொறாமைதான் அப்படி நிறம் காட்டுகிறது என்று கொல்லையில் பேசிக்கொண்டார்கள். பொறாமையும் இருந்தது, ஆனால் அது பசி. பூக்காமலே காய்ந்து போய்விடுவோமோ என்று அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

“கத்தரி, அவனைக் கொஞ்சம் வரச் சொல்லேன்” என்றாள்.

பூஞ்சையன் வந்தான். இனிப்புக்கு ஆசைப்பட்டு வந்தான் என்று சிலர் சொல்வார்கள். நான் நம்பமாட்டேன். அவனுக்கு அங்கே கத்தரியின் பாகு வயிறு நிறையக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

அவனுக்காக முள்ளங்கி இருந்த சத்தை எல்லாம் போட்டு நல்ல பாகாகக் காய்ச்சி வைத்திருந்தாள். அவன் நூலை நீட்டினான். விரற்கடை தூரம் இருக்கும்போதே நுனி சுருண்டது. பின்வாங்கி, வேறு பக்கமாக வந்து பார்த்தான். அங்கேயும் சுருண்டது.

“தாயி, இன்னும் கோபமா இருக்கியா?”

“இல்லைய்யா, சத்தியமா இல்லை. கோபம் போயிடுச்சு. காரம்தான் போகமாட்டேங்குது.”

காய்ச்சி இறக்கிய காரம் நரம்புக்கு நரம்பு ஊறிவிட்டிருந்தது. அவள் அழுதாள். செய்ததை நினைத்து, உள்ளபடியே மனம் நொந்து அழுதாள். அந்தக் கண்ணீரும் காரமாக இறங்கியதில் பூஞ்சையன் மேலும் ரெண்டு முழம் தள்ளிப் போய் நின்றான்.

“அழாதே தாயி, அழாதே! நீ அழுதா என்னால இங்க நிக்கவே முடியலை” என்று தும்மினான்.

“சரி, போய்யா. கத்தரி காத்துக்கிட்டிருப்பா” என்றாள் முள்ளங்கி. இந்தத் தடவை விரட்டிச் சொல்லவில்லை.

அவன் போனதும் யோசித்தாள். கொண்டுவந்து கொடுக்க ஆள் இல்லை. இருக்கிறதைச் சேர்த்து வைக்கவாவது வேண்டும். கோடைக்கு முன்னால் கடைசியாக ஒரு மழை பெய்தது. மேட்டில் மிச்சமிருந்த எரு கொஞ்சம் கரைந்து வந்தது. முள்ளங்கி வெட்கத்தை விட்டு விழுங்கினாள். விழுங்கியதை எல்லாம் வேருக்குள்ளேயே போட்டு அடைத்தாள். வேர் விரல் அளவு ஆனது, மணிக்கட்டு அளவு ஆனது, மண்ணுக்குள் இடம் போதாமல் தோள்பட்டை வெளியே தெரிந்தது.

“அக்கா, இடுப்பு எங்கே?” என்றாள் கத்தரி.

“அது கிடக்குது போ” என்று ஒரு பெரிய ஏப்பம் விட்டாள் முள்ளங்கி. கத்தரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெயில் நெருப்பாக இறங்கியபோது முள்ளங்கி அந்தச் சேமிப்பை எடுத்து மேலே அனுப்பினாள். தண்டு எழும்பியது. வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. காய் பிடித்தது. வேர் சக்கையாகிச் சுருங்கி, கடைசிச் சொட்டும் காய்க்குள் போய்ச் சேர்ந்தபோது, நாலு விதைக்கு ஆசைப்பட்டவளுக்கு ஒரு கைப்பிடி விதை கிடைத்தது. அவள் சிரித்துக்கொண்டே சாய்ந்தாள்.

அடுத்த மழைக்கு மகள்கள் முளைத்தார்கள். அம்மாவின் காரம், அம்மாவின் ஏப்பம், எல்லாம் அப்படியே. பூஞ்சையன் நலம் விசாரிக்க வந்து, வரப்பிலேயே தும்மிவிட்டுத் திரும்பிப் போனான். மகள்களும் தங்கள் பிள்ளைகளுக்காக வேரில் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்த வழியாக வந்த கொல்லைக்காரர், மண்ணுக்கு மேலே வெள்ளைத் தோள் தெரிவதைக் கண்டு குனிந்தார்.

“அடடே, இங்க ஒருத்தி என்னமோ பதுக்கி வச்சிருக்காளே!” என்று இலையைச் சேர்த்துப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். கடித்துப் பார்த்தார். நாக்கில் சுரீரென்றது. ஆனால் பிடித்துப்போய்விட்டது.

அன்று முதல்தான், கத்தரி நாற்றுக்குத் தொழுவுரத்தோடு பூஞ்சையன் இனத்து வேர்ப்பூசணத்தையும் சேர்த்து வைக்கிறவர்கள் முள்ளங்கிப் பாத்தியை மட்டும் தாண்டிப் போகிறார்கள். அன்று முதல்தான், கத்தரியிடம் காயைப் பறித்துக்கொண்டு ஆளை விட்டுவிடுகிற நாம், முள்ளங்கியைப் பூக்கவே விடாமல் ஆளோடு பிடுங்குகிறோம்.