காலி வண்டி ஆடாது

"ஸ்டீயரிங் கையைப் பிச்சுக்கிட்டுப் போகுது மேஸ்திரி. இதுக்கு ஒரு வழி சொல்லு."

மொக்கராசு வந்து நின்ற கோலத்தைப் பார்த்தால் ஜீப்புக்கு வைத்தியம் கேட்டு வந்தவன் மாதிரி இல்லை. அவனுக்கே குளிர்காய்ச்சல் கண்ட மாதிரி இருந்தது.

ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற மலைப்பாதை ஏறத் தொடங்குகிற இடத்தில் சலோமியின் ஷெட். மலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்புகளுக்கெல்லாம் அவள்தான் மேஸ்திரி. மொக்கராசுவைவிட வயதில் நன்றாக இளையவள். அதனால் என்ன? ரோட்டில் யாருக்கும் வழிவிடாத டிரைவர்கள்கூட அவள் முன்னால் கைகட்டித்தான் நிற்பார்கள்.

ஒரு கிறுக்குப் பழக்கம் மட்டும் அவளுக்கு உண்டு. ஆட்டம், நடுக்கம் என்று வருகிற வண்டியில் அவள் கை வைக்க மாட்டாள். ஓட்டுகிறவன்தான் கீழே படுக்கணும். ஸ்பேனரும் அவன்தான் பிடிக்கணும். அவள் மேலே உட்கார்ந்து கேள்வி கேட்பாள். பிடிக்காதவர்கள் டவுனுக்குப் போகலாம்.

மொக்கராசு டவுனுக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தான்.

"எப்பண்ணே ஆடுது?"

"தார் ரோட்டுல கொஞ்சம் வேகம் எடுத்து, முன்சக்கரம் ஒரு பள்ளத்துல விழுந்துச்சுன்னா போச்சு. ஸ்டீயரிங் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வெட்டுது. பானெட்டு, கண்ணாடி, என் பல்லு, எல்லாம் ஆடுது. கிட்டத்தட்ட நிறுத்துனாத்தான் அடங்குது."

"அந்த நேரம் ரோட்டோரத்துல என்ன இருக்கு?"

மொக்கராசு மலைப்பக்கம் கையைக் காட்டினான்.

"ஒண்ணுமே இல்ல மேஸ்திரி. அதான் பயமா இருக்கு."

சலோமி கீழே எட்டிப் பார்த்தாள்.

"டேம்பர் புதுசா இருக்கே?"

"டவுன்ல மாத்துனாங்க. குலுக்கலை அதுதான் தாங்கும்னாங்க. கொஞ்ச நாள் கப்சிப்னு இருந்துச்சு. அப்புறம் பழையபடி ஆரம்பிச்சிருச்சு. பழையபடி என்ன, அதைவிட மோசம்."

"அழுற பிள்ளையோட வாயைப் பொத்திட்டு, அழுகை நின்னுருச்சுன்னு சொல்லியிருக்காங்க. வேற என்ன செஞ்சீங்க?"

"டயரை மாத்திப் போட்டேன். சக்கரத்தை பேலன்ஸ் பண்ணுனேன். கோயிலுக்கு ஓட்டிட்டுப் போயி எலுமிச்சம்பழம் நசுக்குனேன்."

"பழம் என்ன சொல்லுச்சு?"

"கிண்டல் பண்ணாத தாயி. கண்ணை மூடுனா அந்த வளைவுதான் தெரியுது. படுத்துக்கிட்டே பாயில பிரேக் அடிக்கிறேன்."

சலோமி சிரிக்கவில்லை. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து இன்ஜினைப் போட்டாள்.

"கீழ படுங்க."

படுத்தான்.

"ஒவ்வொரு மூட்டுலயும் கையை வைங்க. நான் ஸ்டீயரிங்கை அசைப்பேன். எந்த மூட்டு தனியா அசையுதுன்னு கண்ணு சொல்லாது. கை சொல்லும்."

"பாத்துத் திருப்பு. கை மாட்டிக்கும்."

"என்னை நம்புறீங்களா இல்லையா?"

"நம்பாமயா இன்ஜின் ஓடுற வண்டிக்கு அடியில படுத்திருக்கேன்?"

அவள் அசைத்தாள். அவன் தடவினான். குறுக்குக் கம்பி, நீளக் கம்பி, கம்பி சக்கரத்தைப் பிடிக்கிற இடம், ஸ்பிரிங் தொங்குகிற இடம். ஒன்றும் தனியாக அசையவில்லை. எல்லாம் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தன.

வெளியே வந்தபோது அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. நோய் இன்னதென்று தெரிந்தாலாவது மனசு ஆறும்.

"எல்லாம் கெட்டியா இருக்கு மேஸ்திரி. டவுன்லயும் இதேதான். மெக்கானிக் ஓட்டிப் பாத்தாரு, தேர் மாதிரி போச்சு. எனக்குத்தான் மூளை குழம்பிப் போச்சுன்னு நினைச்சிருப்பாரு."

"காலி வண்டியில ஓட்டிப் பாத்தாரா?"

"ஆமா."

"நீங்க காலியா ஓட்டுறப்ப எப்பவாவது ஆடியிருக்கா?"

மொக்கராசு யோசித்தான். யோசிக்க யோசிக்க முகம் மாறியது.

"இல்ல."

"ஆடுறப்ப உள்ள யாரு இருப்பா?"

"நம்ம தெருப் பொம்பளைங்கதான். தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போறவங்க. பவுன்தாயி மதினி, ஈஸ்வரி, எல்லாரும்."

"அவங்களைக் கூட்டிட்டு வாங்க. வண்டி இங்கயே நிக்கட்டும். அவங்க நடந்து வந்து ஏறி உக்காரட்டும்."

மொக்கராசுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ, அது ஆகாது. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியட்டும்."

"தெரிஞ்சா மலையில பாதியிலேயே குதிச்சிருவாங்க. ஒருத்தி அலறுனாப் போதும், என் கை பதறிரும். மணல் மூட்டை ஏத்துவோம் மேஸ்திரி. அதே எடைக்கு ஏத்துவோம்."

"மூட்டை பேசுமா?"

"பொம்பளைங்க பேசி என்ன ஆகப் போகுது?"

சலோமி இறங்கி வந்து ஜீப்புக்கு முன்னால் நின்றாள்.

"வண்டியை எடுக்காதீங்க அண்ணே."

"நாளைக்கு ஒரு நாள். ஒரே நாள். மெதுவா ஓட்டிக்கிறேன்."

அவள் நகரவில்லை. அவன் ரிவர்ஸ் எடுத்து, அவளைச் சுற்றிக்கொண்டு போனான். டிரைவர் புத்தி. வழி கேட்டு வருவான், சொன்னால் வேறு வழியில் போவான்.

மலை ஜீப் ஓட்டுகிறவர்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வண்டியில் கோளாறு என்று ஏறினவர்களிடம் வாய் திறக்கக் கூடாது. டிரைவர் முகம் வெளிறினால் வண்டியே வெளிறிப் போகும் என்பார்கள். அதனால் மனசு கலங்குகிற இடத்தில் ஒரு வேலை செய்வார்கள். பாட்டைச் சத்தமாக வைப்பார்கள். நல்ல குத்துப் பாட்டாக. பின்னால் இருப்பவர்கள் தாளம் போடுவார்கள், எதுவும் கேட்காது. எவன் கண்டுபிடித்தானோ தெரியாது, ஸ்டாண்டில் எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள்.

மறுநாள் காலை ஏறும்போது வண்டி சமர்த்தாகப் போனது. ஏற்றத்தில் வேகமில்லை. ஆனால் பெண்கள் காய் எடுத்து முடிக்கும்வரை மொக்கராசு தோட்டத்து வாசலில் உட்கார்ந்து இறக்கத்தையே நினைத்துக்கொண்டிருந்தான். கொண்டுபோன சோற்றைத் திறக்கவில்லை.

மத்தியானம் எல்லாரும் ஏறினார்கள். பவுன்தாயி எப்போதும்போல அவன் பக்கத்தில், மடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்தாள். பின்னால் ஈஸ்வரி யாரையோ கேலி பண்ண, வண்டியே சிரித்தது.

இறங்கினான். மெதுவாகத்தான் இறங்கினான். ஆனால் எதிரே ஒரு லாரி ஏறி வந்தது. ஓரம் ஒதுங்கினான். நேற்றைய மழை அரித்துவைத்த பள்ளம் அங்கே இருந்தது.

ஆத்தி!

ஸ்டீயரிங் அவன் கட்டைவிரலை அடித்துவிட்டு வெட்டத் தொடங்கியது. இழுத்துப் பிடித்தான். பிடிக்கப் பிடிக்க அது பேயாட்டம் ஆடியது. அவன் கை, தானாக, பாட்டுப் பொத்தானுக்குப் போய்ச் சத்தத்தை ஏற்றியது. பாட்டு அலறியது. முன்சக்கரங்கள் ரோட்டை விட்டு மண்ணுக்குப் போயின. கண்ணுக்கு எதிரே மரம் இல்லை, கல் இல்லை, வெறும் வெளிச்சம்.

ஓரத்துக் கல்லில் பம்பர் உரசி, ஜீப் நின்றது.

பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"டயர்ல காத்து கம்மி," என்றான் மொக்கராசு. அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"ஆமா, காத்துதான் கம்மி," என்றாள் பவுன்தாயி.

"காலையிலேயே பாத்தேன், கம்மியாத்தான் இருந்துச்சு," என்றாள் பின்னாலிருந்து ஈஸ்வரி.

மிச்ச மலையை முதல் கியரில் ஊர்ந்து இறங்கினான். வீட்டுக்குப் போகிற திருப்பத்தில் திருப்பவில்லை. நேராக ஷெட்டுக்குள் விட்டான்.

சலோமி அவன் முகத்தைப் பார்த்தாள். பம்பரைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டாதது இன்னும் பயமாக இருந்தது.

"யாரும் இறங்காதீங்கக்கா. கொஞ்சம் அப்படியே உக்காந்திருங்க," என்றாள். பிறகு அவனிடம், "படுங்க."

பாரத்தோடு நிற்கிற வண்டிக்கு அடியில் படுப்பது வேறு. ஸ்பிரிங் எல்லாம் தழைந்து, வண்டியின் இரும்புச் சட்டம் மூக்குக்கு நேரே இறங்கியிருந்தது. மேலே தெருப் பெண்கள் மொத்தமும். மொக்கராசு மூச்சைச் சின்னச் சின்னதாக விட்டான்.

சலோமி ஸ்டீயரிங்கை அசைத்தாள். அவன் மூட்டு மூட்டாகத் தடவினான். எல்லாம் கெட்டி.

"ஒண்ணும் இல்ல மேஸ்திரி!"

மேலே சலோமி கேட்பது காதில் விழுந்தது.

"அக்கா, வண்டி ஆடுறதுக்கு முந்தி என்ன நடக்குது?"

"ஆடுதா? எது ஆடுது?" என்றது ஒரு குரல்.

"டிரைவரண்ணன் காத்து கம்மின்னு சொல்லுச்சே," என்றது இன்னொன்று.

"நான் டிரைவர் இல்லக்கா. எங்கிட்ட சொல்லலாம்."

பவுன்தாயிதான் முதலில் வாய் திறந்தாள்.

"டொக்குன்னு ஒரு சத்தம் வரும். டிரைவர் காலுக்குக் கீழ இருந்து. அப்புறந்தான் ஆடும்."

"ரெண்டு டொக்கு," என்றாள் ஈஸ்வரி. "ரெண்டாவது டொக்குலதான் ஆட்டம்."

"மழை பிடிச்ச பிறகுதான் வருது."

"போடி, மாசித் திருவிழாவுக்கு முந்தியே வந்துச்சு. நான் அன்னைக்கே காதுல இருந்த தோட்டைக் கழட்டி வீட்டுல முடிஞ்சு வச்சேன், பிள்ளைக்காவது மிஞ்சட்டும்னு."

கீழே படுத்திருந்தவன் தடவுவதை நிறுத்தினான்.

"டிரைவர் காலுக்குக் கீழ," என்றாள் சலோமி. "கேட்டுச்சா அண்ணே?"

அந்த இடத்தில் மூட்டு எதுவும் இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கம்பிகளைத் தள்ளுகிற ஸ்டீயரிங் பாக்ஸ் இருந்தது, அதைத் தாங்குகிற சட்டம் இருந்தது. கம்பிகளை எல்லாம் தடவிப் பார்த்தவன், அவை எதைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றனவோ அதைத் தொடவே இல்லை. வருஷக்கணக்கான சேறும் கிரீஸும் அங்கே அப்பிக் கிடந்தன. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினான்.

"இப்பத் திருப்பு."

டொக்.

சட்டத்தில் ஒரு விரிசல் வாய் திறந்தது. சலோமி மறுபக்கம் திருப்பினாள். மூடிக்கொண்டது. பாக்ஸ் மொத்தமும் விரிசலோடு சேர்ந்து அசைந்தது. காலி வண்டியில் அது உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்திருக்கிறது. பெண்கள் ஏறி உட்கார்ந்த பாரத்தில்தான் திறக்கிறது.

ஒரு நூல் அளவு இரும்புதான் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் சற்று முன்பு அந்த ஓரத்துக் கல்வரைக்கும் போய்வந்திருக்கிறான்.

மொக்கராசு உடனே வெளியே வரவில்லை. வர முடியவில்லை.

வந்தபோது சலோமி ஸ்டீயரிங் பின்னாலேயே உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"பாக்ஸைக் கழட்டணும்," என்றாள். "விரிசலோட நுனியில துளை போட்டு, மேற்கொண்டு ஓடாம நிறுத்தணும். வெல்டிங் வச்சு, மேல கனமான தகடு ஒண்ணு வச்சு, அதையும் வெல்டிங் வைக்கணும். எல்லாம் நீங்கதான் செய்யணும். அதுவரைக்கும் வண்டி ஒரு அடி நகராது."

"சரி."

பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மொக்கராசு பவுன்தாயி முன்னால் போய் நின்றான். கிரீஸும் கண்ணீரும் ஒன்றாய் முகத்தில் வழிந்தன. துடைக்கவில்லை.

"மதினி, தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லல?"

"எப்படிப்பா சொல்றது? நீ பாட்டைச் சத்தமா வைக்கிறப்பவே தெரிஞ்சு போச்சு, நீ பயந்துட்டேன்னு. பயந்தவன்கிட்ட போயி நாங்களும் பயந்துட்டோம்னா, உன் கை நிக்குமா? எல்லாரும்ல போயிருப்போம். பின்னாடி இவளுக எல்லாம் கையைக் கோத்துக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாளுக. நீ பாக்கல."

"அப்படிப்பட்ட வண்டியில ஏன் தெனமும் ஏறுனீங்க? வேற வண்டியில போயிருக்கலாம்ல?"

பவுன்தாயி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"எந்த வண்டியில?"

மொக்கராசுக்குப் புரியவில்லை. சலோமியைப் பார்த்தான்.

சலோமி இன்ஜினை அணைத்தாள். உதட்டில் விரலை வைத்தாள்.

ஷெட் அமைதியானது. மேலே வளைவுகளில் தோட்டத்து ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. முதல் வண்டியிலிருந்து பாட்டு கேட்டது. நல்ல சத்தமாக. அதற்குப் பின்னால் வந்ததிலிருந்து இன்னொரு பாட்டு, அதைவிடச் சத்தமாக.

மொக்கராசு இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நடுரோட்டுக்கு ஓடினான்.