சிரித்தவனுக்குக் கூண்டு

கருமலைப் பாளையத்து ராஜா கொண்டம நாயக்கருக்கு வேட்டை என்றால் உயிர். ஆனால் காட்டுப்பன்றிகளுக்கு அவரைக் கண்டால் என்னவோ ஓர் இளக்காரம். அன்றைக்குப் புதரிலிருந்து ஒரு தடித்த பன்றி பாய்ந்து வந்த வேகத்தில், ராஜா ஈட்டியைப் போட்டுவிட்டு மளமளவென்று மரத்தில் ஏறிவிட்டார். தலைப்பாகை கீழே விழுந்தது. பன்றி அதை மோந்து பார்த்தது. வாசனை பிடிக்கவில்லை போலிருக்கிறது, தன் வழியே போய்விட்டது.

தளவாய் ஆகாயத்தைப் பார்த்தார். மந்திரிகள் தங்கள் கால் பெருவிரலைப் பார்த்தார்கள். காட்டில் தடம் பார்க்க வந்த ஒச்சன் மட்டும், பாவி மனுஷன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துத் தொலைத்தான்.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. மரியாதை தெரியாத இவன் மனுஷனே இல்லை, மிருகம், தூக்கிக் கூண்டில் போடுங்கள் என்று உத்தரவிட்டார். பன்றிக்கென்று கொண்டுவந்த கூண்டு காலியாகத்தானே கிடந்தது? அந்தப் பாளையத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேட்டையில் கூண்டேறிய எதுவும் வெள்ளிக்கிழமையன்று கோட்டை மைதானத்தில் பட்டத்து யானையோடு மோதியாக வேண்டும். ஒச்சன் சிரிப்பை நிறுத்திவிட்டு, கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு என்ன கிழமை என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கினான்.

அரண்மனையில் வாய் சாமர்த்தியத்தாலேயே பிழைக்கிற ஆண்டியப்ப பிள்ளையும் அன்று வேட்டைக்கு வந்திருந்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை. பெருவிரலைப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர்தான். அது வேறு உறுத்தியது. ராஜாவிடம் போய், தீர்ப்பு சரிதான், சாட்சி மட்டும் விசாரித்துவிடலாம் என்றார். ராஜாவும் தலையாட்டி வைத்தார்.

பிள்ளை நேரே ராஜாவின் குதிரை முன்னால் போய்க் கைகட்டி நின்றார். மகாராஜா மரம் ஏறியதைப் பார்த்தாயா, சிரித்தாயா என்று வெகு பணிவாகக் கேட்டார். குதிரை கொள்ளு மென்றுகொண்டிருந்தது. அடுத்து வேட்டைநாய்களைக் கேட்டார். அவை வாலை ஆட்டின. பன்றியையும் விசாரிக்க ஆசைதான், அது ஊரில் இல்லை என்று வருத்தப்பட்டார்.

"என்னய்யா கூத்து இது?" என்றார் ராஜா.

"மகாராஜா, அத்தனை மிருகமும் பார்த்தது. ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. சிரித்தவன் ஒச்சன் ஒருவன்தான். அப்படியானால் அவன் மனுஷன்தானே?"

ராஜா தாடையைச் சொறிந்தார். "தளவாயும் மந்திரிகளும்கூடத்தான் சிரிக்கவில்லை. நீயும் சிரிக்கவில்லையே?"

"அதுதான் மகாராஜா எனக்கும் கவலை. கூண்டு ஒன்றே ஒன்றுதான் கொண்டுவந்திருக்கிறோம்."

ராஜா எவ்வளவோ அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. காடே அதிரச் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே கூண்டைத் திறக்கச் சொன்னார். ஒச்சன் விழுந்து கும்பிட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினான்.

பிள்ளை பெருமூச்சு விட்டார்.

"நல்லவேளை, சிரித்துவிட்டீர்கள் மகாராஜா. இவ்வளவு நேரம் எனக்கு உங்கள் பேரிலும் கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது."